மூன்று மில்லிமீட்டர் மரம்: கையால் வயலின் செய்யும் முறை

தந்தியை முறுக்கும் பிரடை, தந்தி, உள்ளே மறைந்திருக்கும் சிறு கட்டைகள் என எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் ஒரு வயலினில் ஏறத்தாழ 70 உறுப்புகள் இருக்கும். முழுக் கருவியின் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. நான்கு தந்திகளையும் முறுக்கிச் சுருதிக்குக் கொண்டுவரும்போது அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசையோ 20 கிலோவைத் தாண்டும். அந்த இழுப்பில் ஏழெட்டுக் கிலோ அளவு, தந்திகளைத் தாங்கி நிற்கும் ‘குதிரை’ என்ற மரத்துண்டின் இரண்டு சிறு கால்கள் வழியாக மேல்பலகையின் மீது நேராக இறங்கும். அந்தப் பலகையின் கனம் மூன்று மில்லிமீட்டர் அளவுதான்.

வயலின் செய்யும் தொழிலின் எல்லா முடிவுகளுக்கும் இந்தக் கணக்கே காரணம். பலகையைத் தடிமனாக விட்டால் சுமையைத் தாங்கும், ஆனால் அசையாது. அசையாத பலகையிலிருந்து ஒலி எழாது. மெல்லியதாக இழைத்துவிட்டால் தொடக்கத்தில் தாராளமாக ஒலிக்கும், சில ஆண்டுகளில் குதிரைக்குக் கீழே குழிந்துவிடும். மரத்தை எங்கே எவ்வளவு குறைப்பது, எந்த இடத்தில் கையை நிறுத்துவது என்பதை ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டியிருப்பதால்தான் இந்தத் தொழில் ஐந்நூறு ஆண்டுகளாகக் கைத்தொழிலாகவே நீடிக்கிறது.

பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு வயலின் புதிய பொருள் அன்று. கல்பாத்தித் தேர்த் திருவிழாவை ஒட்டி நடக்கும் கச்சேரிகளில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் பலர். முக்கால் அளவு வயலினைத் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளும் இங்கே உண்டு. ஆனால் தோல்வாத்தியம் உருவாவதைப் பார்க்க வேண்டுமானால் பாலக்காட்டை அடுத்த பெருவெம்பு வரை போய்வந்தால் போதும். பலாக்கட்டையைக் கடைந்து, குடைந்து, மத்தளமும் மிருதங்கமும் செய்பவர்களை அங்கே பார்க்கலாம். வயலின் உருவாவதைப் பார்க்கும் வாய்ப்பு அப்படி எளிதில் அமைவதில்லை. அத்துடன், தோல்வாத்தியத்தைப் பார்த்துப் பழகிய கண்ணோடு வயலினை அணுகினால் ஒரு குழப்பமும் நேரும். மிருதங்கத்தில் அதிர்வது தோல். கட்டை அதை இழுத்துப் பிடித்து அசையாமல் நிற்க வேண்டும், ஆகவே கனமான பலா அதற்குப் பொருத்தம். வயலினில் மரமே அதிர வேண்டும். தந்தி தானாக எழுப்பும் ஒலி மிகச் சிறியது. அந்த அசைவை வாங்கி, ஓர் அறை முழுவதற்கும் கேட்கும்படி காற்றைத் தள்ளுவது மேல்பலகையும் பின்பலகையும்தான்.

எந்த மரம், ஏன்

மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். பின்பலகை, பக்கப் பட்டைகள், கழுத்து ஆகியவற்றுக்கு மேப்பிள். விரல் பலகைக்குக் கருங்காலி. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து இந்தத் தேர்வு பெரிதாக மாறவில்லை. நம் ஊரில் தேக்கும் ஈட்டியும் பலாவும் இருக்க, குளிர்நாட்டு மரம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. தேக்கு வலுவில் குறைந்ததன்று. ஆனால் அந்த வலுவோடு கூடவே எடையும் வருகிறது. நல்ல ஸ்ப்ரூஸின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் பாதிக்கும் குறைவு. அந்த எடைக்கு அது காட்டும் விறைப்பு மிக அதிகம். தந்தியின் சிறு விசையால் அசைக்கக்கூடிய அளவுக்கு இலேசாகவும், குதிரையின் சுமைக்கு மடங்காத அளவுக்கு விறைப்பாகவும் ஒரே பலகை இருக்க வேண்டுமென்றால் தேர்வு தானாகவே ஸ்ப்ரூஸில் வந்து நிற்கிறது.

ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில், குறிப்பாக வடக்கு இத்தாலியின் ஃபியெம்மே பள்ளத்தாக்கில் வளரும் ஸ்ப்ரூஸுக்கு நெடுங்காலமாக மதிப்பு உண்டு. குளிரில் மெதுவாக வளர்வதால் அதன் ஆண்டு வளையங்கள் நெருக்கமாகவும் சீராகவும் அமைகின்றன. வயலினின் முகப்பில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய கோடுகள் அந்த வளையங்களே. அவற்றை எண்ணி, அகலங்களை அளந்து, பழைய கருவிகளின் மரம் எந்தக் காலத்தில் வளர்ந்தது என்றுகூட ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

மரத்தை எப்படி வெட்டுவது என்பது எந்த மரம் என்பதற்குச் சமமான கேள்வி. தென்னை ஈர்க்குகளை நெருக்கமாக அடுக்கி ஒட்டிய ஒரு தட்டியை எடுத்துக்கொண்டால், ஈர்க்கின் நீளவாக்கில் அதை வளைப்பது கடினம். குறுக்குவாக்கில் சுலபமாக வளைந்துவிடும். ஸ்ப்ரூஸின் நார்களும் அப்படித்தான். நார் ஓடும் திசையில் ஒலி நொடிக்கு 5,000 மீட்டருக்கு மேல் செல்லும். குறுக்கே ஏறத்தாழ அதில் நான்கில் ஒரு பங்கு வேகம்தான் இருக்கும். இந்த விறைப்பு முழுவதும் பலகைக்குக் கிடைக்க வேண்டுமானால் வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அதற்காக மரத்துண்டை வெளிப்பட்டையிலிருந்து நடுவை நோக்கி ஆப்பு வடிவில் எடுப்பார்கள். ரம்பத்தால் அறுப்பதைவிடக் கோடரியால் பிளந்து எடுத்தால் நார் எங்கும் வெட்டுப்படாமல் தன் போக்கிலேயே இருக்கும் என்பதால், கவனமான தொழிலாளர்கள் பிளந்த மரத்தையே விரும்புவார்கள். அந்த ஆப்பை இரண்டாக்கி விரித்து, பட்டைப் பக்கத்து விளிம்புகளை ஒன்றோடொன்று ஒட்டினால், நடுவில் தடித்து இருபுறமும் சரிந்த ஒரு பலகை கிடைக்கும். வயலினின் நடுக்கோட்டில் தெரியும் மெல்லிய இணைப்பு அதுவே. இரு விளிம்புகளையும் வெளிச்சம் ஊடுருவாத அளவுக்கு இழைப்புளியால் நேராக்கிய பிறகுதான் ஒட்டுவார்கள்.

இப்படி வெட்டுவதால் இன்னொரு பயனும் உண்டு. ஈரப்பதம் மாறும்போது மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை, குறுக்கே விரிந்து சுருங்கும். அந்தக் குறுக்கசைவும் ஆப்பாக எடுத்த பலகையில் மற்றப் பலகைகளைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. வெட்டிய மரத்தைக் காற்றோட்டமான இடத்தில் அடுக்கி, குறைந்தது ஐந்தாண்டுகளாவது உலரவிடுவது வழக்கம்.

மேப்பிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ப்ரூஸைவிடக் கனமானது, அடர்த்தியானது, பின்பலகையாக நின்று உடலைக் கட்டிப்பிடிப்பது. அதன் முதுகில் புலிவரி போல் தெரியும் குறுக்கலைகளுக்காக வாங்குபவர்கள் கூடுதல் பணம் தருகிறார்கள். அந்த அலைகள் கண்ணுக்குத் தரும் இன்பத்தைக் காதுக்கும் தருகின்றன என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

கிரெமோனாவிலிருந்து திருவனந்தபுரம் வரை

வயலினின் இன்றைய வடிவம் பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடக்கு இத்தாலியில் உருவானது. கிரெமோனா நகரத்து ஆந்த்ரேயா அமாத்தியின் கருவிகள் இன்றைக்கு எஞ்சியிருக்கும் மிகப் பழைய வயலின்களில் அடங்கும். அதே நகரத்தில் பின்னர் வயலின் செய்து பெரும்புகழ் பெற்ற அந்தோனியோ ஸ்ட்ராடிவரி 1737-இலும், குவார்னேரி தெல் ஜெசு 1744-இலும் மறைந்தார்கள். கிரெமோனாவின் வயலின் கைவினையை யுனெஸ்கோ 2012-இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது; இன்றும் அந்தச் சிறு நகரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் இயங்குகின்றன.

ஐரோப்பியரோடு இங்கே வந்த கருவியைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரும், தஞ்சை நால்வர் எனப்பட்ட இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவும் முதன்மையானவர்கள். வடிவேலு திருவிதாங்கூர் அரசவைக்கு வந்தபின், சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். பின்னர் பறவூர் சுந்தரம் ஐயரும், திருப்பூணித்துறையில் பிறந்த டி.என். கிருஷ்ணனும் வளர்த்தெடுத்த வாசிப்பு மரபுகள் இந்த எல்லைப்புறத்துத் தமிழர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளத்தக்கவை. இத்தனைக்கும் நடுவில் கருவியின் உடல் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வீணைக்கும் தம்பூராவுக்கும் நம் நாட்டிலேயே தஞ்சாவூர், திருவனந்தபுரம் என்று தனித்தனி வடிவங்கள் உண்டு. வயலினை மட்டும் நாம் அப்படியே எடுத்துக்கொண்டு, உட்காரும் முறையையும் சுருதியையும் மாற்றினோம்.

அச்சும் பக்கப் பட்டைகளும்

கிரெமோனா முறையில் வேலை ஓர் அச்சில் தொடங்குகிறது. வயலினின் உள்வடிவத்துக்கு வெட்டிய, ஒன்றரை சென்டிமீட்டர் அளவு கனமுள்ள மரப்பலகை அது. அதன் தலையிலும் அடியிலும் ஒவ்வொன்று, நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று என ஆறு சிறு கட்டைகளைக் கொஞ்சம் பசையிட்டுத் தற்காலிகமாகப் பொருத்துவார்கள். ஸ்ட்ராடிவரி பயன்படுத்திய இத்தகைய அச்சுகளில் ஒரு டஜன் அளவு இன்றும் கிரெமோனாவின் வயலின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவரைப் பற்றி உலவும் கதைகளுக்கு நடுவில் அவை கையால் தொடக்கூடிய சான்றுகள்.

மேப்பிளை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்து, மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள ஆறு பட்டைகளாக நறுக்கி, இலேசாக நனைத்து, சூடான இரும்பின் மேல் மெதுவாக அழுத்தினால் அவை வளைந்து கொடுக்கும். மரநார்களைப் பிணைத்து வைத்திருக்கும் பொருள் சூட்டில் இளகி, ஆறியதும் புதிய வடிவத்திலேயே இறுகிவிடுவதே இதன் காரணம். அவசரப்பட்டால் அலைவரி ஓடும் இடத்தில் பட்டை முறியும். வளைந்த பட்டைகளைக் கட்டைகளோடு ஒட்டிய பிறகு, உள்விளிம்பு நெடுகிலும் மெல்லிய மரச்சட்டங்களை வைத்து ஒட்டுவார்கள். வெறும் ஒரு மில்லிமீட்டர் விளிம்பில் பலகையை ஒட்டினால் பிடிப்பு நிற்காது. இந்தச் சட்டங்கள் ஒட்டும் பரப்பை அகலப்படுத்துகின்றன. இப்போது அச்சைச் சுற்றி ஒரு வேலி எழுந்துவிட்டது. அந்த வேலியைப் பலகையின் மேல் வைத்துக் கோடு வரைந்துதான் மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் வடிவம் எடுக்கிறார்கள். விளிம்பு மட்டும் வேலியைத் தாண்டி இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

பலகையைக் குடைதல்

வயலினின் வயிறும் முதுகும் மேடிட்டிருப்பதைப் பார்த்து, பலகையைச் சூடாக்கி வளைத்திருப்பார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். மலிவான ஆலைக் கருவிகளில் சில அப்படி அழுத்தி வளைக்கப்படுவதும் உண்மைதான். நல்ல வயலினில் அந்த மேடு செதுக்கப்பட்டது. கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் தொடங்கும் பலகையை வெளிப்புறம் செதுக்கி மேடாக்கி, பிறகு கவிழ்த்து உட்புறம் குடைவார்கள். முடிவில் நடுமேட்டின் உயரம் 15 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். தொடங்கிய மரத்தில் பெரும்பகுதி பட்டறைத் தரையில் சீவலாகக் கிடக்கும்.

முதலில் அகன்ற வளைவுளியால் கொத்தாக மரத்தை எடுப்பார்கள். அடுத்து அடிப்பாகம் குவிந்த சிறிய பித்தளை இழைப்புளிகள் வரும்; அவற்றில் சில கட்டைவிரல் அளவே இருக்கும். கடைசியில் கூர் தீட்டிய இரும்புத் தகட்டால் சுரண்டி வழவழப்பாக்குவார்கள். உப்புத்தாளைத் தேய்த்தால் நாரின் வாய் தூளால் அடைபட்டு, மெருகு பூசியபின் மரம் மங்கலாகத் தெரியும் என்பதால் பலர் அதைத் தவிர்க்கிறார்கள். வேலை நடக்கும் அறையில் விளக்கு ஒரு பக்கமாகத் தாழ்வாக எரிய வேண்டும். மேட்டின் வளைவில் எங்காவது ஒரு பள்ளமோ முண்டோ இருந்தால் அங்கே விழும் நிழல் அதைக் காட்டிக்கொடுக்கும்.

மேட்டுக்குப் பயன் அழகு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. தட்டையான மூன்று மில்லிமீட்டர் பலகை ஏழெட்டுக் கிலோவை நெடுநாள் சுமக்காது; வளைந்த பலகை அந்தச் சுமையை விளிம்புகளை நோக்கிப் பகிர்ந்துவிடுகிறது. வளைவுப் பாலங்களைக் கட்டியவர்கள் அறிந்த அதே கணக்கு இது.

உட்புறம் குடையத் தொடங்கும்போதுதான் தொழிலாளியின் தீர்ப்புக்கு வேலை வருகிறது. மேல்பலகைக்குப் பொதுவாக இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் கனம், பின்பலகைக்கு நடுவில் நான்கரை அளவில் தொடங்கி ஓரத்தில் இரண்டரை வரை என்று பழைய கருவிகளை அளந்து எடுத்த கணக்குகள் இருக்கின்றன. அவற்றை அப்படியே பின்பற்றினால் நல்ல வயலின் கிடைக்கும் என்ற உறுதி இல்லை, ஏனெனில் ஒரே மலையில் வளர்ந்த இரண்டு ஸ்ப்ரூஸ் மரங்கள்கூட அடர்த்தியிலும் விறைப்பிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஸ்ட்ராடிவரியின் பலகையில் மூன்று மில்லிமீட்டர் என்பது அந்த மரத்துக்குப் பொருந்திய அளவு. ஆகவே செய்பவர் கனத்தை அளப்பதோடு நிறுத்தாமல், பலகையை இரு கைகளாலும் பிடித்து மெல்ல முறுக்கி விறைப்பை உணர்கிறார், தராசில் வைத்து எடை பார்க்கிறார், விரல்களுக்கிடையே தொங்கவிட்டுத் தட்டிக் கேட்கிறார். சுரண்டச் சுரண்ட அந்தத் தட்டொலி கீழிறங்கும். முடிந்த மேல்பலகையின் எடை 70 கிராமை ஒட்டி இருக்கும்.

காதால் கேட்பதைக் கண்ணால் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. அதிரும் தகட்டின் மேல் மணலைத் தூவினால், அசையும் இடங்களிலிருந்து மணல் துள்ளி ஓடி, அசையாத கோடுகளில் ஒதுங்கி நிற்கும் என்பதை ஜெர்மானிய அறிவியலர் எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கார்லீன் ஹட்சின்ஸ் இதே உத்தியை வயலின் பலகைகளுக்குப் பயன்படுத்தி, எந்தச் சுருதியில் பலகை எந்த வடிவத்தில் அசைகிறது என்பதை விரிவாக ஆராய்ந்தார். ஒலிபெருக்கியின் மேல் பலகையைக் கிடத்தி, பொடி தூவி, வளையமோ குறுக்குக்கோடோ ஒழுங்காக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே சுரண்டுபவர்கள் இன்று பலர். அது தேவையில்லை, விரலும் காதும் போதும் என்பவர்களும் உண்டு. இரு தரப்பாரும் நல்ல வயலின்களைச் செய்கிறார்கள்.

துளைகள், கரை, உள்ளே ஒரு தண்டு

மேல்பலகையில் குதிரைக்கு இருபுறமும் உள்ள இரண்டு நீண்ட வளைவுத் துளைகளைக் கத்தியால் அறுத்தெடுக்கிறார்கள். உள்ளிருக்கும் காற்று மூச்சுவிட அவை வழி. துளையின் நடுவைவிட ஓரத்தை ஒட்டித்தான் காற்று அதிகமாகப் பாய்கிறது, ஆகவே வட்டத்தைவிட நீண்டு மெலிந்த வடிவம் கூடுதல் பயன் தரும் என்று 2015-இல் வெளிவந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வு காட்டியது. இரண்டு துளைகளுக்கும் நடுவிலுள்ள பகுதி ஓரளவு விடுபட்டு, குதிரையோடு சேர்ந்து ஆடவும் அவை இடம் தருகின்றன.

விளிம்பைச் சுற்றி ஓடும் கருப்புக் கரையைப் பலர் வெறும் அலங்காரமாக எண்ணுகிறார்கள். உண்மையில் அது கருப்பு, வெள்ளை, கருப்பு என்று மூன்று மெல்லிய மரப்பட்டைகளைச் சேர்த்து, விளிம்பிலிருந்து நான்கு மில்லிமீட்டர் தள்ளி வெட்டிய கால்வாயில் பதித்தது. வெளியே நீண்டிருக்கும் விளிம்பு எங்காவது இடிபட்டு விரிசல் கண்டால், அந்த விரிசல் நார்வழியே பலகைக்குள் ஓடிவிடாமல் இந்தக் கரை தடுத்து நிறுத்தும்.

மேல்பலகையின் உட்புறத்தில், மந்தரத் தந்தி இருக்கும் பக்கத்தில், 27 சென்டிமீட்டர் அளவு நீளமுள்ள ஒரு ஸ்ப்ரூஸ் சட்டத்தை ஒட்டுவார்கள். பேஸ் பார் என்பது அதன் பெயர். குதிரையின் இடக்கால் அதன் மேல் நிற்கும். வலக்காலுக்குச் சற்றுப் பின்னால், மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஆறு மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு தண்டு நிற்கிறது. இதைச் சவுண்ட் போஸ்ட் என்கிறார்கள். இந்தத் தண்டை ஒட்டுவதில்லை. பெட்டி முழுதும் மூடிய பிறகு, வளைந்த கம்பி ஒன்றில் குத்தி, துளை வழியாக உள்ளே விட்டு, அழுத்தத்தில் நிற்கும்படி நிறுத்துவார்கள். குதிரையின் வலக்கால் அநேகமாக அசையாத இந்த இடத்தை ஊன்றிக்கொள்ள, இடக்கால் மேலும் கீழும் ஏறி இறங்கி மேல்பலகையை அசைக்கிறது. வில் தந்தியைப் பக்கவாட்டில்தான் இழுக்கிறது. அந்தப் பக்க அசைவைக் காற்றைத் தள்ளும் மேல்கீழ் அசைவாக மாற்றுவது இந்த ஏற்பாடே. தண்டு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் தொனி மாறும். புது வயலின் கரகரக்கிறது என்று குறைப்படுபவர்கள் மரத்தைச் சந்தேகிக்கும் முன் இந்தத் தண்டை ஒரு தேர்ந்த கையால் சரிபார்க்கச் சொல்வது நல்லது.

வஜ்ஜிரமும் பாலக்காட்டுக் காற்றும்

பெட்டியை மூடுவதற்கு, பழைய ஆசாரிமார் பயன்படுத்திய வஜ்ஜிரமே இன்றும் சிறந்த பசை. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த இதைத் தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்கவிடாமல் 60 டிகிரி அளவில் சூடாக்கிப் பூசுவார்கள். ஆறியதும் கெட்டியாகப் பிடிக்கும். சூடும் ஈரமும் பட்டால் மறுபடி இளகும். வாழ்நாள் முழுதும் விடாமல் பிடிக்கும் நவீனப் பசைகள் கடையில் மலிவாகக் கிடைக்கும்போது, இளகும் பசை எதற்கு என்று கேட்கலாம். வயலினின் உள்ளே பழுது பார்க்க வேண்டுமானால் மேல்பலகையைக் கழற்றியாக வேண்டும். நூறு, இருநூறு ஆண்டுகள் வாழும் கருவிக்கு அது பலமுறை நேரும். மழைக்கால ஈரத்தில் மரம் ஊதி, பிறகு சுருங்கும்போது எங்காவது ஓரிடம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். வஜ்ஜிரம் விட்டால் இணைப்பு மட்டும் திறக்கும், அதை மீண்டும் ஒட்டிவிடலாம். பசை விடாவிட்டால் பலகை பிளக்கும்.

பாலக்காட்டில் இருப்பவர்களுக்கு இது ஏட்டுச் செய்தியாக இராது. ஆனி, ஆடியில் நாள்கணக்காக மழை அடிக்கும். மார்கழி, தையில் வாளையாறு வழியாக வறண்ட கிழக்குக் காற்று கணவாய்க்குள் பாய்ந்துவரும். அகலமான இடத்தில் 20 சென்டிமீட்டர் இருக்கும் மேல்பலகை இந்த இரண்டு பருவங்களுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கு மேலும் விரிந்து சுருங்கக்கூடும். மழையில் பிரடை இறுகித் திரும்ப மறுப்பதும், காற்றடிக்கும் மாதங்களில் அதே பிரடை நழுவித் தந்தி இறங்குவதும், கீழ்விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு இணைப்பு திறப்பதும் ஒரே காரணத்தின் விளைவுகள்தான். இணைப்பு திறந்தால் கிடைத்த பசையை வீட்டிலேயே ஊற்றி மூடக் கூடாது. வாசிக்காத நேரத்தில் பெட்டிக்குள் வைத்து மூடுவதும், மூடிய காரில் வெயிலில் விட்டுப்போகாமல் இருப்பதும் பெரும்பாலான தொல்லைகளைத் தவிர்க்கும்.

கழுத்து, மெருகு, குதிரை

கழுத்தையும் அதன் தலையிலுள்ள சுருளையும் ஒரே மேப்பிள் கட்டையில் செதுக்கி, பெட்டியின் தலைக்கட்டையில் வெட்டிய குழியில் பொருத்தி ஒட்டுவார்கள். சுருளால் ஒலிக்குப் பயன் இல்லை. செய்தவரின் கையை அடையாளம் காட்டுவது அது. நம் வித்வான்களுக்கோ அது வலக்கணுக்காலில் ஊன்றிக்கொள்ள உதவுகிறது. ஸ்ட்ராடிவரி காலத்தில் கழுத்தை ஆணியடித்துப் பொருத்தினார்கள், கோணமும் குறைவு. பெரிய அரங்குகளுக்கு உரத்த ஒலி வேண்டியபோது, கழுத்தை நீட்டி, பின்னால் சாய்த்து, தந்தியின் இழுப்பைக் கூட்டினார்கள். ஆகவே இன்று மேடையில் ஒலிக்கும் பழைய ஸ்ட்ராடிவரி வயலின்கள் அநேகமாக எல்லாமே கழுத்தும் பேஸ் பாரும் மாற்றப்பட்டவை.

வெள்ளை மரமாக இருக்கும் கருவியைச் சில வாரங்கள் வெயில்படத் தொங்கவிட்டு நிறமேற்றி, பிறகு மெருகு பூசுவார்கள். உலரும் எண்ணெயில் மரப்பிசினைக் காய்ச்சிய மெருகு ஒரு வகை. அரக்கைச் சாராயத்தில் கரைத்தது மற்றொன்று. இரண்டாவது நம் தச்சர்கள் மேசை நாற்காலிக்குப் போடும் ஃப்ரெஞ்சு பாலிஷுக்கு நெருங்கிய உறவு. மெருகின் முதல் கடமை வேர்வையிலிருந்தும் ஈரத்திலிருந்தும் மரத்தைக் காப்பது. கனமாகப் பூசினால் ஒலியை அமுக்கும். ஸ்ட்ராடிவரியின் மெருகில் இரகசியப் பொருள் ஒன்று இருந்தது என்ற கதை மிகப் பழையது. பாரிஸ் இசை அருங்காட்சியகத்திலுள்ள அவருடைய ஐந்து கருவிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான முடிவுகள், அக்காலத்தில் எல்லோருக்கும் கிடைத்த எண்ணெய், பைன் பிசின், சில சிவப்பு நிறமிகள் ஆகியவற்றையே காட்டின. 2010-இல் இண்டியானாபொலிஸில் 21 வாசிப்பாளர்கள் எது எதுவென்று தெரியாமல் பழைய இத்தாலியக் கருவிகளையும் புதியவற்றையும் வாசித்துப் பார்த்தபோது, பெரும்பாலோர் விரும்பியது புதிய ஒன்றை. பழைய வயலின்களின் மதிப்பை இது குறைக்காது. ஆனால் இன்று உயிரோடிருக்கும் ஒருவர் செய்த கருவியை இரண்டாம்தரமாக எண்ண வேண்டியதில்லை என்பது என் கருத்து.

குதிரையை ஒட்டுவதில்லை. மேப்பிளில் வெட்டிய அதன் கால்கள், அந்தக் குறிப்பிட்ட வயலினின் மேட்டில் காகிதம் நுழையாதபடி படியும் வரை தொழிலாளி அவற்றைச் சீவுகிறார். ஒரு வயலினின் குதிரை மற்றொன்றுக்குச் சரியாகப் பொருந்தாதது இதனால்தான். கர்நாடக வாசிப்புக்கென்று கருவியை அமைக்கும்போது கவனிக்க வேண்டியதும் இந்த இடத்தில் இருக்கிறது. மேற்கத்திய முறையில் நான்கு தந்திகளும் ஐந்தாம் சுரம், ஐந்தாம் சுரமாக ஏறிப்போகும். நாம் ஸ–ப–ஸ–ப என்று வைக்கிறோம். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண் குரலுக்கு வாசிக்கும்போது கீழ்த்தந்திகள் இரண்டும் மேற்கத்திய அளவிலேயே நிற்க, மேல்தந்திகள் மட்டும் சற்று இறங்கும். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரல் என்றால் நான்குமே நன்றாக இறங்கி, குதிரையின் மேல் விழும் சுமை குறைந்துவிடும். அதை ஈடுசெய்யக் கனமான தந்திகளைப் பூட்டுவதும், குதிரையின் உயரத்தையும் சவுண்ட் போஸ்டையும் அதற்கேற்பத் திருத்துவதும் உண்டு. வாங்கும்போதே எந்தச் சுருதிக்கு வாசிக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டால் அமைப்பவருக்கு வேலை எளிது.

ஒரு தொழிலாளி தனியாக உட்கார்ந்து ஒரு வயலினை முடிக்க 200 மணி நேரம் அளவில் ஆகும் என்பது பொதுவான கணக்கு. மெருகு உலரும் காலம் அதில் சேராது. ஆகவே சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் மாணவர் வயலின் கையால் செய்ததாக இருக்க வழியில்லை, தொடங்கும் பிள்ளைக்கு அது தேவையும் இல்லை. சற்று அதிக விலை கொடுத்து, கைவேலை என்று சொல்லப்படும் ஒன்றை வாங்குபவர் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். கருப்புக் கரை உண்மையில் பதித்ததா, பேனாவால் வரைந்ததா என்பதை விளிம்பின் தேய்ந்த இடத்தில் உற்றுப்பார்த்தால் தெரியும். சிறு விளக்கொன்றைத் துளைக்கருகில் பிடித்து உள்ளே நோக்கினால் மூலைக்கட்டைகள் இருக்கின்றனவா என்று காணலாம். மிக மலிவானவற்றில் அவற்றை விட்டுவிடுவார்கள். முகப்பின் கோடுகள் விளிம்பு வரை வந்து பக்கவாட்டிலும் தொடர்ந்தால் அது முழு மரம். விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் ஸ்ட்ராடிவரியின் பெயரும் கிரெமோனாவும் பதினேழு என்று தொடங்கும் ஓர் ஆண்டும் அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு பரபரப்படைய வேண்டாம். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும், பின்னர் வேறு நாடுகளிலும், ஆலைகள் எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தன என்பதைக் குறிக்க இலட்சக்கணக்கான வயலின்களில் அந்தச் சீட்டை ஒட்டியிருக்கின்றன.